ஒருத்தர பாத்த உடனே 'இவங்க இன்ன வகை'ன்னு மனசு முடிவு பண்ணிடுதே, இத நிறுத்த முடியுமா?

இரவுப்பறவை கேட்டது:

ரெண்டு நாளா ஒழுங்கா தூக்கம் இல்ல, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு, அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் எங்க ஆபீஸ்ல இன்டர்வியூ. பேனல்ல மூணு பேர், அதுல நான் ஒருத்தன். அஞ்சு பேர் வந்தாங்க. நாலாவதா ஒரு பையன் வந்தான். உக்காருங்கன்னு சொன்ன அப்புறமும் ரெண்டு செகண்ட் நின்னுட்டு தான் நாற்காலி நுனில உக்காந்தான். சட்டை புதுசு, கவர்லேருந்து பிரிச்ச மடிப்பு கோடு கூட போகல. ஷூ அவன் காலுக்கு பெருசு, நடக்கறப்போ குதிகால் தூக்கி தூக்கி விழுந்துச்சு, யார்கிட்டயோ இரவல் வாங்கினதுன்னு பாத்தாலே தெரியும். ஃபைல ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து புடிச்சிருந்தான். கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னான், ஒரு கேள்விக்கு மத்த நாலு பேருக்கும் தோணாத ஒரு விஷயத்த சொன்னான், அப்போ நானே மனசுக்குள்ள பரவால்லயேன்னு நினைச்சேன். ஆனா எல்லாம் முடிஞ்சு ஷீட்ல மார்க் போடறப்போ 'தோற்றம், தன்னம்பிக்கை'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பத்துக்கு நாலு போட்டேன். யாரும் போட சொல்லல, நானா தான் போட்டேன், கை தயங்க கூட இல்ல.

வீட்டுக்கு போற வழில அந்த ஷூ திரும்ப திரும்ப கண்ணு முன்னாடி வந்துச்சு. ஏன்னா பதினாலு வருஷம் முன்னாடி என்னோட மொத இன்டர்வியூக்கு நான் போட்டுட்டு போனதும் மாமாவோட ஷூ தான், முன்பக்கம் பேப்பர் சுருட்டி அடைச்சு போட்டுட்டு போனேன். அன்னிக்கு உள்ள இருந்தவங்க என்ன மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க, அது இன்னும் மறக்கல. கடைசில ஒருத்தர் 'உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பாலிஷ் வேணும்'னு சொன்னார். வேலை கிடைக்கல. அதுக்கப்புறம் எப்படி உக்காரணும், எப்படி கை குடுக்கணும், எத்தனை சத்தத்துல பேசணும்னு ஒவ்வொண்ணா பாத்து பாத்து கத்துக்கிட்டேன். அவ்ளோ வலியோட கத்துக்கிட்டது கடைசில இன்னொருத்தன அளக்கற ஸ்கேலா ஆயிடுச்சுங்கறது தான் என்னால தாங்க முடியல.

எனக்கு தெரிய வேண்டியது மூணு. நாம எதையெல்லாம் பாத்து ஒருத்தர இந்த கூட்டம் அந்த கூட்டம்னு பிரிக்கறோம், இந்த பழக்கம் எங்கேருந்து வந்துச்சு, தெரிஞ்சே இத நிறுத்த முடியுமா. ஷீட் இன்னும் ஃபைனல் ஆகல, திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.

பழஞ்சுவடி:

எங்கேருந்து வந்துச்சுங்கறதுக்கு மட்டும் நான் சொல்றேன், எனக்கு பழக்கமான ஏரியா அது தான்.

நீங்க மனசுக்குள்ள பண்ணதா சொல்ற விஷயத்த ஒரு காலத்துல சட்டமாவே எழுதி வெச்சிருந்தாங்க. ரோம்ல செனட்டரோட அங்கில அகலமா ஒரு ஊதா பட்டை வரும், அதுக்கு அடுத்த படில இருந்த குதிரைவீரர் வகுப்புக்கும் அதே ஊதா தான் ஆனா ஒல்லியா வரும். எதிர்ல வர்றவர் யாருன்னு பட்டையோட அகலமே சொல்லிடும். ஏன் ஊதான்னா அந்த சாயம் கடல் நத்தைலேருந்து வரணும். 1909ல ஃபிரீட்லேண்டர்ங்கற வேதியியல் அறிஞர் 12,000 நத்தைலேருந்து சாயத்த பிரிச்சு எடுத்தார், கிடைச்சது 1.4 கிராம். ஒரு பட்டைக்கு பின்னாடி எத்தனை உயிர், எத்தனை கை உழைப்புன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, அந்த நிறத்துக்கு மதிப்பு அழகுனால வரல, அடுத்தவனால முடியாதுங்கறதுனால வந்துச்சு.

இங்கிலாந்துல 1363ல ஒரு சட்டம் போட்டாங்க. யார் எவ்ளோ சொத்து வெச்சிருக்காங்களோ அதுக்கு ஏத்த துணி தான் உடுத்தணும், ஏர் ஓட்டறவன், வண்டிக்காரன், ஆடு மேய்க்கறவன் இவங்க 40 ஷில்லிங்குக்கு குறைவா சொத்து இருந்தா முரட்டு கம்பளி தவிர வேற எதுவும் கட்டக்கூடாது. சட்டத்துக்கு அவங்க சொன்ன காரணத்த கவனிங்க, ஜனங்க தங்களோட தகுதிக்கு மீறி உடுத்தறாங்களாம். கொள்ளைநோய் வந்து ஏகப்பட்ட பேர் செத்துப்போய், மிச்சம் இருந்த கூலியாட்களுக்கு கூலி ஏறி, கைல கொஞ்சம் காசு புழங்க ஆரம்பிச்ச காலம் அது. மேல இருந்தவங்களுக்கு இனி யார் யாருன்னு பாத்து கண்டுபுடிக்க முடியாதோன்னு பயம் வந்துடுச்சு. சட்டம் ரெண்டு வருஷத்துக்குள்ள ரத்தாச்சு, ஆனா அதே மாதிரி திரும்ப திரும்ப போட்டாங்க, 1604ல தான் இந்த வகை சட்டம் மொத்தத்தையும் எடுத்தாங்க. நடுவுல 1571ல போட்டது ஒண்ணு, ஆறு வயசுக்கு மேல இருக்கற சாதாரண ஜனங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமையும் பண்டிகை நாள்லயும் கம்பளி தொப்பி போட்டே ஆகணும், பிரபுக்கள், பெரிய இடத்து பெண்கள், நிலம் வெச்சிருந்த கனவான்கள் மாதிரி சில பேருக்கு மட்டும் விலக்கு. கம்பளி தொப்பி பண்றவங்க பொழப்புக்காக போட்ட சட்டம் தான், ஆனா நடைமுறைல தொப்பி இருக்கற தலை, இல்லாத தலைன்னு ஊரே ரெண்டா பிரிஞ்சிடுது.

கீழ இருக்கறவங்களுக்கு எட்டிடுச்சுன்னா அந்த அடையாளம் செத்துப்போகும். ஜெர்மன் சமூகவியல் அறிஞர் ஜார்ஜ் சிம்மெல் 1904லயே இத எழுதியிருக்கார், கீழ் வகுப்பு ஒரு ஃபேஷன எடுத்துக்கிட்ட உடனே மேல் வகுப்பு அத கைவிட்டுட்டு வேற ஒண்ணுக்கு போயிடும்னு. 1856ல வில்லியம் பெர்கின்ங்கற பதினெட்டு வயசு பையன் மலேரியாவுக்கு குடுக்கற குயினைன செயற்கையா செய்ய போய், தவறுதலா ஒரு ஊதா சாயம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஊதா ஃபேக்டரில தயாராச்சு, யார் வேணா கட்டலாம்னு ஆச்சு, ரெண்டாயிரம் வருஷ கௌரவம் அத்தோட முடிஞ்சுது. ஜப்பான்ல எடோன்னு சொல்ற காலத்துல (1603லேருந்து 1868 வரைக்கும்) வணிகர்கள் பகட்டா உடுத்தக்கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டப்போ அவங்க வெளில சாதாரண துணிய போட்டுக்கிட்டு உள்பக்க லைனிங்ல விலை உயர்ந்த பட்டு வெச்சு தெச்சாங்க. கொஞ்ச நாள்ல அந்த ஒளிச்சு வெச்ச அழகே உயர்ந்த ரசனைன்னு ஆயிடுச்சு.

எனக்கு ரொம்ப வலிக்கறது திருவாங்கூர் விஷயம். நாடார் பெண்கள் மார்ப மறைச்சு மேல்சேலை போட்டுக்கற உரிமைக்காக பல வருஷம் அடி வாங்கி போராடி 1859ல ராஜா அறிவிப்பு வெளியிட்டார். எல்லாரும் அது வெற்றின்னு ஒரு வரில சொல்லிட்டு போயிடறாங்க. ஆனா அந்த அறிவிப்புலயே, மறைச்சுக்கலாம், மேல்சாதி பெண்கள் கட்டற மாதிரி மட்டும் கட்டக்கூடாதுன்னு இருந்துச்சு. துணிய குடுக்கறாங்க, வித்தியாசத்த விட்டுக்குடுக்கல. உங்க ஷீட்ல 'தோற்றம்'னு ஒரு கட்டம் இருக்குன்னு படிச்சதும் எனக்கு அந்த ஒரு நிபந்தனை தான் ஞாபகம் வந்துச்சு.

மூணாவது_ஷிஃப்ட்:

நான் ஒரு ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், பதினோரு வருஷமா. எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். நீங்க எல்லாரும் மேல இருக்கறவங்க போட்டுக்கற அடையாளத்த பத்தி பேசறீங்க, அடுத்தவங்க போட்டு விடற அடையாளத்த பத்தி நான் சொல்றேன்.

எங்க கலர் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நடந்தா நாங்க அங்க இருக்கறதே யார் கண்ணுக்கும் படாது. இத நான் கோவத்துல சொல்லல, தினம் நடக்கறது. லிஃப்ட்ல நான் நிக்கறப்போவே பக்கத்துல இருக்கறவங்க ஒரு பேஷண்ட்டோட குடும்ப விஷயம் எல்லாம் பேசுவாங்க, வேற யாராவது ஏறினா டக்குன்னு நிறுத்திடுவாங்க. ரெண்டு வருஷமா தினமும் காலைல நான் வணக்கம் சொல்ற ஒரு டாக்டர ஒரு நாள் லீவுல வெளில பாத்தேன், சேலை கட்டிக்கிட்டு இருந்தேன், வணக்கம் சொன்னேன், அவர் யாரோன்னு நினைச்சு திரும்பி பின்னாடி பாத்தார். நல்ல மனுஷன் தான் அவர். முகத்த பாக்காம கலர பாத்தே பழகிட்டார், வேற ஒண்ணும் இல்ல.

இப்போ புதுசா இன்னொண்ணு, கழுத்துல மாட்டற கார்டோட கயிறு. பர்மனன்ட்ல இருக்கறவங்களுக்கு ஒரு கலர், கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு வேற கலர். அதே கேட், அதே வேலை நேரம், பக்கத்து பக்கத்து டேபிள் கூட இருக்கும். ஆனா செக்யூரிட்டில நிக்கற தம்பி ஒரு கயிற பாத்து குட்மார்னிங் சொல்வான், இன்னொரு கயிற பாத்து பைய திறந்து காட்டுங்கன்னு சொல்வான். அந்த தம்பி கழுத்துலயும் ரெண்டாவது கலர் தான் தொங்குது. எங்க பொண்ணுங்கள்ல ஒருத்தி வெளில பஸ்ல ஏறறதுக்கு முன்னாடியே அத கழட்டி பைக்குள்ள போட்டுடுவா, முதல் கலர் கயிறு இருக்கறவங்க மட்டும் வீடு போய் சேர்ற வரைக்கும் கழுத்துல போட்டுக்கிட்டே போவாங்க. இத நீங்களும் உங்க ஆபீஸ்ல ஒரு நாள் நின்னு பாருங்க சார், சாயங்காலம் கேட்டுக்கு வெளில எந்த கயிறு கழுத்துல இருக்கு, எந்த கயிறு பைக்குள்ள போகுதுன்னு.

எங்க கை, கால் பத்தியும் சொல்லணும். துணிய மாத்திக்கலாம், பேச்ச மாத்திக்கலாம், இந்த ஆசிட், ஃபினாயில்ல ஊறி வெடிச்ச விரல என்ன பண்றது. என் பொண்ணு காலேஜ் விழாவுக்கு போனப்போ நான் கைய மடில மறைச்சு வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், அவ அத பாத்துட்டு என் கைய எடுத்து அவ கைக்குள்ள வெச்சுக்கிட்டா.

அந்த பையன் ஃபைல நெஞ்சோட ஏன் புடிச்சிருந்தான்னு உங்களுக்கு தெரியும். கைய எங்க வெக்கறதுன்னு தெரியாதப்போ தான் அப்படி புடிப்போம்.

பழஞ்சுவடி:

அக்கா சொன்ன கை விஷயம் தான் இதோட அடி ஆழம். சீனாவ ஆண்ட மஞ்சு வம்சத்து அரசவை பெண்கள் நகத்த நீளமா வளத்து அதுக்கு தங்கத்துல, வெள்ளில உறை போட்டிருந்தாங்க, அந்த கையால ஒரு பாத்திரத்த கூட தூக்க முடியாது, அத காட்டத்தான் அந்த உறையே. ஐரோப்பாவுல வயல்ல ஜனங்க வேலை பாத்த வரைக்கும் வெளிறின தோல் தான் உயர்வு, தொழிலாளி ஃபேக்டரிக்குள்ள போய் வெயிலே படாம ஆன அப்புறம் வெயில்ல கறுத்த தோல் லீவு எடுத்து ஊர் சுத்தினவங்களோட அடையாளமா மாறிடுச்சு. தோல் ஒண்ணு தான், அர்த்தம் மட்டும் தலைகீழ். அமெரிக்க பொருளாதார அறிஞர் வெப்லன் 1899ல சொன்னதும் கிட்டத்தட்ட இது தான், உழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லன்னு ஊருக்கு காட்டற துணி தான் கௌரவமான துணி.

சொல்வளை:

எல்லாரும் கண்ணால பாக்கறத பத்தி சொல்லிட்டீங்க. காதால கேக்கறது அதுக்கு மேல. வாய திறந்தா முடிஞ்சுது, ஷூவ மாத்திக்கலாம், நாக்க அவ்ளோ சீக்கிரம் மாத்த முடியாது.

1962ல நியூயார்க்ல வில்லியம் லபாவ்னு ஒரு மொழியியல் ஆள் ரொம்ப எளிமையா ஒரு வேலை பண்ணார். மூணு பெரிய கடைக்கு போனார், ஒண்ணு பணக்காரங்க போறது, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு மலிவு. நாலாவது மாடில என்ன பொருள் இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, அந்த பொருள் எங்க இருக்குன்னு அங்க வேலை பாக்கறவங்ககிட்ட கேப்பார். அவங்க 'ஃபோர்த் ஃப்ளோர்'னு சொல்லணும், அதுல ரெண்டு 'ர்' வருது. அந்த 'ர்' காதுல விழுதா இல்லையான்னு குறிச்சுப்பார், அவ்ளோ தான். பணக்கார கடைல நூத்துக்கு 62 பேர், நடுத்தர கடைல 51, மலிவு கடைல 20 பேர் தான் 'ர்'அ ஒரு தடவையாவது உச்சரிச்சாங்க. இவங்க யாரும் பணக்காரங்க இல்ல, எல்லாரும் கடைல நின்னு சம்பளம் வாங்கறவங்க தான், வர்ற கஸ்டமரோட பேச்ச அவங்களுக்கே தெரியாம போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அவர் காது கேக்காத மாதிரி திரும்ப ஒரு தடவை கேப்பார். அப்போ நிதானமா சொல்றப்போ அந்த 'ர்' அதிகமா ஏறினது நடுத்தர கடைல தான். இத நான் முதல் தடவை படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா நானும் அப்படித்தான், யாராவது 'என்ன சொன்னீங்க'ன்னு கேட்டா ரெண்டாவது தடவை என் குரலே வேற ஆளோட குரலா மாறிடும், நடுவுல நிக்கறவங்களுக்கு தான் எந்த பக்கம் விழுவோமோன்னு எப்பவும் பயம்.

இதுல என்ன அக்கிரமம்னா அந்த 'ர்'ல ஒண்ணுமே இல்ல. இங்கிலாந்துல அதே காலத்துல 'ர்'அ விழுங்கறது தான் உயர்ந்த பேச்சு, நியூயார்க்ல அத உச்சரிக்கறது உயர்ந்த பேச்சு. கடல தாண்டினா மதிப்பு மாறிடுது. அதே இங்கிலாந்துல 1954ல ஆலன் ராஸ்னு ஒரு பேராசிரியர் மேட்டுக்குடி பேச்சையும் மத்தவங்க பேச்சையும் வார்த்தை வார்த்தையா பிரிச்சு காட்டினார். மேட்டுக்குடி சாதாரணமா 'நாப்கின்'னு சொல்லும், அதுக்கு கீழ இருந்து மேல ஏற பாக்கறவங்க நாகரிகமா இருக்கட்டும்னு 'சர்வியட்'னு சொல்வாங்க, அந்த நாகரிகமே அவங்கள காட்டிக்குடுத்துடும். சிரமப்பட்டு சரியா பேசறது தான் தப்புன்னு ஆகிப்போன ஒரு விளையாட்டு இது, வெளிலேருந்து வர்றவன் ஜெயிக்கவே கூடாதுன்னு அமைச்ச மாதிரி இருக்கு.

உங்க வேலைக்கு நேரா சம்பந்தப்பட்டது இன்னொண்ணு. 2019ல மைக்கேல் க்ராஸும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வெறும் ஏழு வார்த்தை காதுல விழுந்தாலே பேசறவரோட வர்க்கத்த ஜனங்க ஓரளவு சரியா சொல்லிடறாங்க. ஆள் எடுக்கற அனுபவம் இருக்கற 274 பேர்கிட்ட, இன்டர்வியூக்கு முன்னாடி பேசின கொஞ்ச நேர பேச்ச மட்டும் குடுத்தப்போ, வசதியான பின்னணி ஆட்கள தான் திறமைசாலின்னு நினைச்சாங்க, சம்பளம் கூட அதிகமா குடுக்கலாம்னாங்க. தகுதி என்னன்னே தெரியறதுக்கு முன்னாடி. உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல இது சகோ.

கறுப்புக்கொடி:

எல்லாரும் சொல்றது சரி, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அடையாளம்னாலே தப்பு, எல்லாத்தையும் அழிச்சுடணும்ங்கற மாதிரி பேச்சு போகுது. தங்களுக்கு ஒட்டின முத்திரைய தாங்களே கைல எடுத்துக்கிட்டவங்க நிறைய பேர் இருக்காங்க.

1789ல பிரான்ஸ்ல பாதிரிமார், பிரபுக்கள், சாதாரண ஜனங்கன்னு மூணு வகுப்பு பிரதிநிதிகளும் கூடினப்போ பிரபுக்களுக்கு தங்க ஜரிகையும் இறகு வெச்ச தொப்பியும், மூணாவது வகுப்புக்கு வெறும் கறுப்பு அங்கின்னு மேலேருந்து உத்தரவு. கேவலப்படுத்தத்தான் போட்டது. கொஞ்ச நாள்ல அந்த கறுப்பு அங்கியே பெருமை ஆச்சு, பிரபுக்களோட முழங்கால் வரைக்கும் வர்ற கால்சட்டை இல்லாதவங்கன்னு கிண்டலா வெச்ச பேர 'சான்ஸ்குலாட்'னு புரட்சிக்காரங்க தங்களோட பேராவே வெச்சுக்கிட்டாங்க. நாஜி முகாம்கள்ல தன்பால் ஈர்ப்பு உள்ள ஆண்களோட சட்டைல பிங்க் முக்கோணம் தெச்சாங்க. 1970கள்ல அதே முக்கோணத்த அவங்க இயக்கமே தங்களோட சின்னமா நெஞ்சுல குத்திக்கிட்டு தெருவுல நடந்துச்சு.

நம்ம பக்கத்துலயே பாருங்க. 1921 செப்டம்பர் 22 மதுரைல காந்தி மேல்சட்டைய விட்டுட்டு அரைவேட்டிக்கு மாறினார், ஏழைங்களோட ஏழையா இருக்கணும்னு. அம்பேத்கர் கோட்டு சூட்டு டைய கழட்டவே இல்ல, இன்னிக்கும் சிலை எல்லாம் அந்த நீல கோட்டோட தான் நிக்குது. காந்திய நான் குறை சொல்லல, ஆனா லண்டன்ல பாரிஸ்டர் படிச்ச, யாரும் தொட மறுக்காத சாதில பிறந்த ஒருத்தர் சட்டைய கழட்டினா அது தியாகமா தெரியும். நல்ல துணி கட்டினதுக்கே அடி விழுந்த சமூகத்துலேருந்து வந்தவர் கழட்டினா அவன் அப்படித்தான்னு சொல்லிட்டு போயிடுவாங்க. பெரிய பணக்காரன் கசங்கின டிஷர்ட்ல ஆபீஸ் வந்தா எளிமைன்னு சொல்றோம், அந்த பையன் டிஷர்ட்ல வந்திருந்தா நீங்க என்ன மார்க் போட்டிருப்பீங்க? நாலு கூட போட்டிருக்க மாட்டீங்க. அடையாளத்த விடறதுக்கும் ஒரு வசதி வேணும்.

அதனால அந்த பையன் இரவல் ஷூ போட்டுட்டு வந்தத பாவம்னு பாக்காதீங்க. உங்க வேலைய, உங்க பேனல மதிச்சு, தன்கிட்ட இல்லாத ஒண்ண யார்கிட்டயோ கேட்டு வாங்கி போட்டுட்டு வந்திருக்கான். நான் பேனல்ல இருந்தா அந்த ஒரு காரணத்துக்கே எழுந்து கை குடுத்திருப்பேன்.

நேர்கோடு:

ஆள் எடுக்கற வேலைல இருக்கேன், அதனால உங்க மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். பாத்த உடனே வர்ற அந்த எண்ணத்த நிறுத்த முடியாது. ஆனா அது மார்க்கா மாறாம தடுக்க முடியும்.

ஏன் முடியாதுங்கறேன்னா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஒன்பது சோதனை பண்ணாங்க, 2020ல ஒரு ஜர்னல்ல வந்துச்சு. ஒரே முகம், ஆனா ஒண்ணு கொஞ்சம் வசதியா தெரியற துணில, இன்னொண்ணு கொஞ்சம் ஏழ்மையா தெரியற துணில. வசதி துணில இருந்த முகத்த தான் திறமைசாலின்னு சொன்னாங்க. படத்த வெறும் 129 மில்லிசெகண்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு செகண்ட்ல எட்டுல ஒரு பங்கு நேரம் காட்டினப்போ கூட அப்படித்தான். துணிய கண்டுக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லி பாத்தாங்க, சரியா சொன்னா பணப்பரிசுன்னு கூட சொல்லி பாத்தாங்க. அப்பவும் மாறல. அதனால இனிமே கவனமா இருப்பேன்னு உங்களுக்கு நீங்களே சத்தியம் பண்ணிக்கறது பத்தாது.

ஷூ மேட்டர் உங்க ஆபீஸ்ல மட்டும் இல்ல. 2016ல பிரிட்டன்ல சமூக முன்னேற்றத்துக்கான அரசாங்க கமிஷனோட ஒரு அறிக்கை வந்துச்சு, லண்டன் முதலீட்டு வங்கிகள்ல சூட்டுக்கு ப்ரௌன் ஷூ போட்டுட்டு வந்தாங்கன்னே சில பேர மட்டம் தட்டியிருக்காங்கன்னு. படிப்பு, திறமை எல்லாம் இருக்கும், அங்க ப்ரௌன் போடக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்க வீட்ல யாரும் இருந்திருக்க மாட்டாங்க. அதே வருஷம் அமெரிக்காவுல பெரிய வக்கீல் நிறுவனங்களுக்கு 316 விண்ணப்பம் அனுப்பி பாத்த ஒரு ஆய்வும் வந்துச்சு. மார்க், காலேஜ் எல்லாம் ஒரே மாதிரி, பொழுதுபோக்கு மாதிரி சின்ன சின்ன விஷயம் மட்டும் மாத்தினாங்க, ஒருத்தருக்கு பாய்மரப் படகு, போலோ, இன்னொருத்தருக்கு ஓட்டப்பந்தயம். ஆண்கள்ல வசதியா தெரிஞ்சவங்களுக்கு நூத்துக்கு 16 பேருக்கு அழைப்பு வந்துச்சு, இன்னொரு பக்கம் ஒருத்தருக்கு தான். ஆள நேர்ல பாக்கவே இல்ல, காகிதத்துலயே நடந்தது இது.

நாங்க எங்க டீம்ல பண்ணது இது தான். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. ஒரு கேள்வி முடிஞ்ச உடனே அந்த பதிலுக்கு மட்டும் மார்க், கூடவே அவங்க சொன்னதுலேருந்து ஒரு வரி காரணம். கடைசில மொத்தமா ஒரு ஃபீலிங்ல மார்க் போடறத நிறுத்தினோம். பேனல்ல இருக்கறவங்க ஒருத்தர் மார்க்க ஒருத்தர் கடைசி வரைக்கும் பாக்கக்கூடாது. 'தோற்றம்'ங்கற கட்டத்த எடுத்தே ஆகணும்னு நான் சண்டை போட்டேன், நாலு மாசம் ஆச்சு எடுக்க. கேட்டது ஒரே கேள்வி தான், இந்த வேலைல இவர் தினமும் என்ன பண்ணப்போறார், அதுக்கு ஷூ சைஸ் எங்க வருது? யாராலயும் பதில் சொல்ல முடியல. மேற்கு நாடுகள்ல இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கறப்போ நடுவுல திரை கட்டி, வர்றவங்க காலடி சத்தம் கூட கேக்காம இருக்க தரைல கம்பளம் விரிச்சு வெச்சாங்களாம், ஹீல்ஸ் சத்தம் கேட்டா பெண்ணுன்னு தெரிஞ்சிடும்னு. அவ்ளோ தூரம் யோசிச்சா தான் வாசிக்கறது மட்டும் காதுல விழும்.

திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னீங்க. உங்க குறிப்பு வெச்சிருப்பீங்க இல்ல, அஞ்சு பேரோட பதில மட்டும் பேர மறைச்சு எழுதி மத்த ரெண்டு பேர்கிட்டயும் குடுத்து திரும்ப மார்க் போட சொல்லுங்க.

மூணாவது_ஷிஃப்ட்:

அந்த பையனுக்கு வேலை கிடைக்கலன்னாலும் பாலிஷ் வேணும்னு மட்டும் யாரும் சொல்லிட வேணாம் சார். என்ன பதில் சரியில்லன்னு சொல்லுங்க, அது போதும்.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். சொல்வளை எழுதின ரெண்டாவது தடவை கேக்கற விஷயத்த படிச்சப்போ போன வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், ஏன்னா ஆபீஸ்ல பேசற என் குரலும் வீட்ல அம்மாகிட்ட பேசற குரலும் ரெண்டு வேற ஆளோடது, எப்போலேருந்துன்னு எனக்கே தெரியல.

நேர்கோடு சொன்ன மாதிரி பண்ணிட்டேன். இன்னிக்கு காலைல பேனல்ல இருந்த ரெண்டு பேர்கிட்டயும் போய், நான் போட்ட ஒரு மார்க் தப்பு, ஷூவ பாத்து போட்டேன்னு நேரா சொன்னேன். சொல்றப்போ குரல் நடுங்குச்சு. ஒருத்தர் இதுக்கு போயா இவ்ளோன்னு கேட்டார். இன்னொருத்தர், பெரியவர், ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம் தான் இருக்கு, கொஞ்ச நேரம் எதுவும் பேசாம இருந்துட்டு அவரோட ஷீட்ட எடுத்து காட்டினார். அதுலயும் அதே கட்டத்துல மூணு போட்டிருந்தார். அவரே அத அடிச்சார்.

பதில மட்டும் டைப் பண்ணி ஏ, பி, சின்னு போட்டு குடுத்திருக்கேன், நாளைக்கு மதியத்துக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போட்டு குடுப்பாங்க. அந்த கட்டத்த ஷீட்லேருந்தே எடுக்கணும்னு மேலயும் எழுதி அனுப்பியாச்சு, அதுக்கு இன்னும் பதில் வரல.

அக்கா, சாயங்காலம் நீங்க சொன்ன மாதிரி கேட் பக்கம் நின்னேன். என் கழுத்துல கயிறு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. எங்க ஃப்ளோர துடைக்கற அம்மா கேட்ட தாண்டறதுக்கு முன்னாடியே கழட்டி பைக்குள்ள போட்டுட்டாங்க. ஆறு வருஷமா பாக்கறேன், அவங்க பேர இன்னிக்கு தான் கேட்டேன்.